லேபிள் இல்லாத பாட்டில் கொட்டிடுச்சு, இப்ப என்ன?

நூம்பல்ல ஒரு வாடகை வீட்டுக்குக் குடி வர்றீங்கன்னு வச்சுக்குவோம். கிச்சன் சிங்குக்கு அடியில, முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஒரு பாட்டில். லேபிள் இல்லை. கை பட்டு தரையில கொட்டிடுது. உடனே பிளீச்சிங் பவுடரைத் தூவித் துடைக்கத் தோணும். அதைத்தான் செய்யக் கூடாது.

ஏன்னா, அது டாய்லெட் கழுவுற ஆசிட்டா இருக்கலாம். பிளீச்சிங் பவுடரோட சேர்ந்தா குளோரின் வாயு வரும். அது காற்றைவிட சுமார் 2.5 மடங்கு கனம். தரையை ஒட்டியே தங்கும். குனிஞ்சு துடைக்கிறவங்க முகமும் தவழுற குழந்தையும் இருக்கிற உயரம் அதுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்துல குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சது. நெடி தாங்காம மக்கள் முதல்ல வீட்டை விட்டு வெளியேறினாங்க. வீட்டுக்குள்ளயும் அதே வரிசைதான்: முதல்ல விலகல், அப்புறம் விசாரணை.

எல்லாரையும் வெளியே அனுப்புங்க. போற வழியில ஜன்னலைத் திறங்க. மோந்து பார்க்காதீங்க. பெட்ரோல், தின்னர் மாதிரி வாசனை வந்தா சுவிட்சைத் தொடாதீங்க. உடம்புல பட்டிருந்தா, நனைஞ்ச துணியைக் கழட்டிட்டு 20 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவுங்க.

வெளியே வந்ததும் ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டு, அது என்னன்னு கேளுங்க. வெறும் பினாயில்னா கிளவுஸ் போட்டுத் துடைச்சாப் போதும். பேர் தெரியலை, புகையோ நெடியோ வருதுன்னா 112. மூச்சுத் திணறினா 108. விஷம் பத்தின சந்தேகத்துக்கு டெல்லி எய்ம்ஸ் மையம் இருக்கு: 1800 116 117.

புரியாத எரர் வந்தா கண்ட கமாண்டையும் அடிக்க மாட்டோம்ல? இங்கேயும் அப்படித்தான்.