சொன்னது ஒண்ணு... கேட்டது மூணு!

ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘திங்கள் முதல் அனைவரும் காலை 9.30-க்குள் இருக்கையில் இருக்க வேண்டும்.’ எட்டே வார்த்தை. குழப்பத்துக்கு இடமே இல்லை என்றுதானே நினைப்பீர்கள்?

அக்கவுண்ட்ஸ் சீனியர் படித்துவிட்டு, “கரெக்ட். ஒரு டிசிப்ளின் வேணும்ல?” என்பார். (அவர் வீடு ஆபீஸுக்கு அடுத்த தெரு.) யூனியன்காரர், “டயமாவது ஒண்ணாவது! ஆளைக் குறைக்கப் போறான். அதுக்குப் பிள்ளையார் சுழி இது” என்பார். செங்கல்பட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறவர், “ரூல் நியாயம்தான் சார். ஆனா ட்ரெயின் லேட்டானா நான் என்ன பண்றது? எனக்கு மட்டும் பத்து மணி” என்பார்.

சர்க்குலரை அடித்தவர் ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் அடித்தார். போர்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற மூன்றடி தூரத்தில் அது மூன்றாகிவிட்டது.

எட்டு வார்த்தைக்கே இந்தக் கதி. 156 எபிசோட் எடுத்தால் என்ன ஆகும்? அதையும் நம் நாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1984 ஜூலையில் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்று ஒரு தொடரை ஆரம்பித்தது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. வடக்கே ஒரு நடுத்தரக் குடும்பம். குடிகார அப்பா, பொறுமைசாலி அம்மா, பெண்கள், பிள்ளைகள், தாத்தா, பாட்டி. 1985 டிசம்பர் வரை ஓடியது. இந்தித் தொடர் என்பதால் நம் பக்கம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. வடக்கே அது ஓடுகிற நேரத்தில் ஊரே டி.வி. முன்னால்தான். தூர்தர்ஷனுக்குச் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்தனவாம்.

அது வெறும் பொழுதுபோக்குக்காக எடுத்த தொடர் இல்லை. மெக்ஸிகோ நாட்டில் மிகேல் சபீடோ என்பவர் கண்டுபிடித்த ஃபார்முலா. கதையில் நல்லது செய்கிற ஒருவர், கெட்டது செய்கிற ஒருவர், நடுவில் ஊசலாடித் திருந்துகிற ஒருவர். பார்க்கிறவர்கள் நல்லவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், மற்றவரைப் பார்த்து ஜாக்கிரதையாவார்கள். முதலில் குடும்பக் கட்டுப்பாட்டை நேரடியாக உபதேசித்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. சில எபிசோடுகளிலேயே உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். போதாததற்கு ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் நடிகர் அசோக்குமார் வந்து, இன்றைய பாடம் என்ன என்று விளக்கிவிட்டுப் போவார். கோனார் நோட்ஸ் மாதிரி!

இவ்வளவு ஏற்பாட்டுக்கு நடுவிலும் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த அம்மாவின் பெயர் பாகவந்தி. புருஷன் குடித்துவிட்டு வந்து கத்தினாலும் வாய் திறக்காதவள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள். ‘இப்படி அடங்கிக் கிடந்தால் இதுதான் கதி, பெண்களே, இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டுவதற்காகவே உருவாக்கிய பாத்திரம். அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்வையாளர்களிடம் போய்க் கேட்டபோது, பெண்களில் கணிசமான பேர் பாகவந்தியைத்தான் உதாரணப் பெண் என்றார்கள். பொம்பளைன்னா அவளை மாதிரி இருக்கணும்!

எச்சரிக்கைப் பலகை என்று நட்டு வைத்தார்கள். ஜனங்கள் அதற்கு மாலை போட்டுவிட்டார்கள்.

உடனே, ‘நம்ம ஊர் ஜனங்களே இப்படித்தான்’ என்று உச்சுக் கொட்டாதீர்கள். அமெரிக்காவிலும் இதே கூத்து. 1971-ல் நார்மன் லியர் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்று ஒரு காமெடித் தொடர் ஆரம்பித்தார். ஆர்ச்சி பங்கர் என்று ஒரு குடும்பத் தலைவர். கறுப்பர்கள், யூதர்கள், பெண்கள் என்று ஒருவரையும் விடாமல் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து நாடு சிரித்தால் துவேஷம் குறையும் என்பது லியரின் கணக்கு. 1974-ல் விட்மார், ரோக்கீச் என்று இருவர் ஆராய்ந்து பார்த்தார்கள். துவேஷம் இல்லாதவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். துவேஷம் உள்ளவர்களோ ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார்கள்! ‘மனுஷன் எவ்வளவு கரெக்டா பேசறான் பாரு’ என்று. சிரிப்புச் சத்தம் ஒன்றுதான். சிரித்த காரணம்தான் நேர் எதிர்.

இதையெல்லாம் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் பிறந்து, இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாசார ஆராய்ச்சி மையத்தை நடத்தியவர். 2014-ல் காலமானார். 1973-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறைக்கே அரிச்சுவடி. அவர் சொன்னது எளிமையான விஷயம். செய்தி என்பது பார்சல் இல்லை. அனுப்பியவர் கட்டியது அப்படியே நம் வீட்டில் பிரிபடாது. அனுப்புகிறவர் ஒரு அர்த்தத்தை மூட்டை கட்டுகிறார். வாங்குகிறவர் தன் அனுபவம், தன் வேலை, தன் வர்க்கம் இவற்றை வைத்துத்தான் அவிழ்க்கிறார்.

அவிழ்ப்பதில் மூன்று விதம் என்றார் ஹால். ஒன்று, சொன்னதை அப்படியே ஏற்பது. நம் அக்கவுண்ட்ஸ் சீனியர். இரண்டு, சொன்னது புரிந்தும், அதை அடியோடு எதிராகப் படிப்பது. நம் யூனியன்காரர். மூன்று, பொதுவாகச் சரி என்று ஒப்புக்கொண்டு, தனக்கு மட்டும் பேரம் பேசுவது. நம் செங்கல்பட்டு நண்பர். இந்தப் பேரத்துக்கு ஹால் கொடுத்த உதாரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ‘விலைவாசியைக் கட்டுப்படுத்த எல்லோரும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்று டி.வி.யில் சொன்னால் தொழிலாளி தலையாட்டுவார். ‘நாட்டு நலன் முக்கியம்தான்’ என்பார். மறுநாள் தன் ஃபேக்டரியில் சம்பள உயர்வு கேட்டு ஸ்டிரைக்கில் உட்காருவார். இரண்டுமே அவருக்கு நியாயம்தான்!

ஹால் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர் டேவிட் மோர்லி. பி.பி.சி.யில் ‘நேஷன்வைட்’ என்று ஒரு மாலை நேர நிகழ்ச்சி. அதில் இரண்டு எபிசோடுகளை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசவிட்டார். 1980-ல் புத்தகமாக வந்தது. அதில் ஒன்று 1977 பட்ஜெட்டைப் பற்றியது. பட்ஜெட்டால் மூன்று குடும்பங்களுக்கு என்ன லாப நஷ்டம் என்று காட்டும் நிகழ்ச்சி. பாங்க் மானேஜர்கள் அதில் சொன்ன பொருளாதாரத்தைப் பற்றி வாதமே செய்யவில்லை. நிகழ்ச்சியின் ஜனரஞ்சக பாணிதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சங்கக்காரர்களுக்கு பாணி பிடித்தது, விஷயம்தான் பிடிக்கவில்லை. ‘முதலாளி பக்கம் பேசுகிறான்’ என்று பிடித்துக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்களில் ஒரு பகுதியினருக்கோ சண்டை போடக்கூட அதில் ஒன்றும் இல்லை. அது அவர்களுடைய உலகமே இல்லை.

இங்கே ஒரு முடிச்சும் உண்டு. தொழில் பழகும் அப்ரென்டிஸ் பையன்கள் ஏறக்குறைய பாங்க் மானேஜர்கள் மாதிரியே நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டார்கள். ஆக, ‘சம்பளம் குறைச்சல், அதனால எதிர்ப்பான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. யாரோடு பழகுகிறோம், எந்தப் பேச்சைக் காதில் வாங்கி வளர்ந்தோம் என்பதும் சேர்ந்துதான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது.

‘எப்படிப் படித்தால் என்ன, சுவாரஸ்யமான விஷயம்’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் இருங்கள். பி.காம். படித்தவன் நான். எனக்கு எதுவானாலும் கடைசியில் ரூபாய் பைசாவில் வந்துதான் முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள். ஒரு நாள் பேப்பரில் அரைப்பக்க விளம்பரம். டெபாசிட்டுக்கு வருஷம் 24 சதவிகித வட்டி. திறப்பு விழா போட்டோ, குத்துவிளக்கு, சந்தனமாலை. அதை எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் என் அப்பா, பாங்க் கிளார்க். இன்னொருவர் என் பெரியப்பா, ஸ்கூல் வாத்தியார், அப்போதுதான் ரிட்டயர் ஆனவர். நான் சின்னப் பையன். இந்தக் கதை பின்னால் வீட்டில் பலமுறை சொல்லிக் கேட்டது.

அப்பா சொன்னாராம்: “பாங்க்குல இதுல பாதிதான் தர்றோம். இவன் நமக்கு 24 கொடுக்கணும்னா, 30-க்கு மேல வட்டி கொடுத்துக் கடன் வாங்கறவன் இவனுக்கு வேணும். அப்படி வாங்கறவன் திருப்பித் தருவானா அண்ணா?”

பெரியப்பா சொன்னாராம்: “பெரிய மனுஷாள்லாம் வந்து விளக்கேத்தியிருக்கா. ஓடியா போயிடுவான்?”

போட்டார். முதல் ஆறு மாசம் வட்டி மணியார்டர் மாதிரி வந்தது. அப்புறம் ஒரு நாள் ஷட்டரில் பூட்டு. இந்த மாதிரி எத்தனையோ பேர் வயிறெரிந்ததால்தான் டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்க என்றே தமிழக அரசு 1997-ல் தனிச் சட்டம் போட்டது. பெரியப்பாவின் ரசீது கடைசிவரை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

பெரியப்பா ஏமாளி இல்லை. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். அப்பாவைவிட வேகமாகக் கூட்டல் போடுவார். ஆனால் அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அப்பாவுக்கு அந்தப் பாரம் அப்போது இல்லை. மாசாமாசம் சம்பளம் வருகிறவருக்குச் சந்தேகப்படுவது சுலபம். பெரியப்பா அந்த விளம்பரத்தில் 24 சதவிகிதத்தைப் படிக்கவில்லை சார். இரண்டு ஜோடி வளையலைப் படித்தார். விளம்பரத்தை எழுதியவனுக்கும் அது தெரிந்திருந்தது.

அதனால்தான், ‘படித்தவன் ஏமாற மாட்டான்’ என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தேவை கண்ணை மறைக்கும்போது படிப்பு உதவிக்கு வராது.

இன்றைக்கு அரைப்பக்க விளம்பரம் தேவையில்லை. பாக்கெட்டில் இருக்கிற செல்போனிலேயே வருகிறது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், பத்தே நாளில் இரட்டிப்பு, உடனடிக் கடன். வேலை தேடுகிற தம்பி அதை ஒரு விதமாகப் படிப்பான், இ.எம்.ஐ. கட்டுகிற அண்ணன் ஒரு விதமாக. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரக் கடைசியில் ரிஸ்க் பற்றிய எச்சரிக்கையைச் சொல்கிறார்களே, அதை எச்சரிக்கையாகக் கேட்கிறவர் எத்தனை பேர்? பாதிப் பேருக்கு அது பாட்டு முடிந்ததற்கான மணி.

என் பழக்கம் ஒன்று சொல்கிறேன். எந்த விளம்பரமோ செய்தியோ ரொம்ப இனித்தாலும், ரொம்பக் கோபம் மூட்டினாலும், இரண்டே கேள்வி கேட்டுக்கொள்வேன். ஒன்று, ‘இதை நம்பணும்னு எனக்கு ஏன் இவ்வளவு ஆசை?’ இரண்டு, ‘இதை எனக்கு நேர் எதிரா உட்கார்ந்திருக்கிற ஆள் எப்படிப் படிப்பான்?’ அக்கவுண்ட்ஸ் சீனியர் ஒரு தரம் யூனியன்காரர் மாதிரி படித்துப் பார்க்க வேண்டும். யூனியன்காரரும் ஒரு தரம் சீனியர் மாதிரி. கட்சி மாறச் சொல்லவில்லை. நாற்காலி மாறச் சொல்கிறேன். செலவு இரண்டு நிமிஷம்தான். பெரியப்பாவுக்கு அந்த இரண்டு நிமிஷம் திண்ணையிலேயே, சொந்தத் தம்பி ரூபத்தில் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டேன், இதையாவது எல்லோரும் ஒரே மாதிரி படிப்பார்கள் என்று எனக்குப் பேராசை எதுவும் இல்லை. நிச்சயம் ஒரு வாசகர் கடிதம் வரும்: ‘கட்டுரை பிரமாதம். 24 சதவிகித வட்டி கொடுக்கும் அந்தக் கம்பெனியின் விலாசம் கிடைக்குமா?’