பழைய வேட்டியும் ஒரு பாடம்தான்!

"ஓவியம் படிச்சா சோறு போடுமா?" பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. அதுவும் பெண் பிள்ளை என்றால் இன்னும் பலமாகக் கேட்கும்.

என் நாத்தனார் மகள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். நான்கு வருடப் படிப்பு. அவள் வீடு உறையூரில். கொல்லையில் இடம் இருப்பதால், லீவு விட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் களிமண், மறுநாள் செப்புத் தகடு, அப்புறம் மெழுகு, சாயம் என்று ஒரே அமர்க்களம்தான். "எதையாவது ஒண்ணை உருப்படியாக் கத்துக்கக் கூடாதா? பேசாம பி.காம். சேர்த்துடலாம்" என்றார் அவள் அப்பா. அப்போது அவள் சொன்ன விஷயம் தோழிகளுக்கும் பயன்படும்.

1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படம் வரைந்து விற்று வயிறு வளர்ப்பது அன்று நடக்காத காரியம். அதனால் அவரிடம் படித்தவர்கள் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று பலதையும் செய்து பார்த்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். இன்றும் அது இருக்கிறது. அங்கிருந்த சிற்பி பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டித் தட்டியே சிற்பமாக்கினார். கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசத்தை நாம் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வேலைப்பாட்டிலிருந்து ஒரு புது வழியே கண்டுபிடித்திருக்கிறார் அவர்!

பாத்திக் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய பருத்தி வேட்டியைக் கஞ்சிப்பசை போகத் துவைத்துக் காயவைத்தாள். மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். மெழுகு தொட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். வெறும் பாரஃபின் மெழுகு வெடித்து, கோடு கோடாகச் சாயம் இறங்கும். தேன்மெழுகு கலந்தால் வெடிப்பு குறையும். கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும்.

தேன்மெழுகைக் கூட்டியும் குறைத்தும் ஏழெட்டுத் துண்டுகள் போட்டாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அளவை எழுதி வைத்தாள். "எது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அத்தை, அடுத்தது சரியா வரும்" என்றாள். தோசை மாவுக்கு உளுந்து அளவு மாற்றிப் பார்க்கிற நமக்கு இது புரியாதா என்ன?

அந்தத் துண்டுகளில் இரண்டைப் பக்கத்து வீட்டம்மா காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு இன்னும் அரை மனசுதான். ஆனாலும் பி.காம். பேச்சை விட்டுவிட்டு அடுத்த வருட ஃபீஸைக் கட்டிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பெண் மண்ணையும் மெழுகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "வீட்டைக் குப்பையாக்காதே" என்று அதட்டாதீர்கள். ஒரு பழைய வேட்டி கொடுத்துப் பாருங்களேன்!

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.