பேய் தேடிக் கெல்லிஸ் காசல் செல்வோர் தவறவிடும் தமிழர் வரலாறு

ஈப்போ - பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வந்துவிட்டால், பழைய கட்டடங்களில் இரவில் பேய் தேடிப் போகும் ஆர்வம் இளைஞர்களிடம் கூடிவிடுகிறது. கையில் டார்ச் லைட், கைப்பேசியில் நேரலை. பேராக்கில் அப்படிப் புறப்படுவோரின் பட்டியலில் முதலில் வருவது, பத்து காஜா அருகே உள்ள கெல்லிஸ் காசல்.

அங்கே நடமாடுவது யாருடைய ஆவி என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பெயர் அதன் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித். ஆனால் அவர் இறந்தது போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில். அந்த மாளிகையைக் கட்ட வந்து, இந்த மண்ணிலேயே உயிர்விட்டவர்கள் வேறு பலர். அவர்கள் நம்மவர்கள்.

யார் இந்த கெல்லி ஸ்மித்?

1870ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்மித், 20 வயதில் மலாயா வந்தார். பேராக்கில் சாலை அமைக்கும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, காட்டு நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். தம் சொந்த ஊரின் நினைவாகத் தோட்டத்திற்குக் ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயர் வைத்தார். ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

ஏற்கெனவே ஒரு வீடு இருந்தும், 1915ஆம் ஆண்டில் அதனருகே ஒரு பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கி என்று திட்டம் பெரிதாக இருந்தது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. மெட்ராஸிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வளைவுகளும் சுவர்களும் அவர்கள் கைவேலைதான்.

கொள்ளைநோயும் கோவிலும்

1918இல் உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. ஒரே அறையில் பலர் தங்கிய லயங்களில் சளிக்காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது எளிது. கெல்லி ஸ்மித்தின் தொழிலாளர்களிலும் பலர் மாண்டார்கள்.

எஞ்சியவர்கள் முதலாளியிடம் சென்று, மாரியம்மனுக்குக் கோவில் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மையும் கொள்ளைநோயும் வந்தால் ஊரைக் காப்பவள் மாரியம்மன் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. மருத்துவ வசதி குறைந்த அந்நாளில், தொழிலாளர்களுக்கு இருந்த பெரிய ஆறுதலும் அதுவே.

முதலாளி சம்மதித்தார், கோவில் எழுந்தது. நன்றிக்கடனாக, சாமி உருவங்களோடு வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஐரோப்பியர் ஒருவரின் சிலையையும் தொழிலாளர்கள் அதன் கூரைமேல் வைத்தார்கள். மாளிகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தக் கோவிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. பேய் தேடி மாளிகைக்கு வருவோரில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

பாதியில் நின்ற மாளிகை

1926இல் லிஸ்பன் சென்றிருந்தபோது நிமோனியா காய்ச்சலால் ஸ்மித் இறந்தார். அவர் மனைவி ஏக்னஸ் சொத்துகளை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். மாளிகை வேலை அப்படியே நின்றது. ஆளில்லாத வீட்டைக் காடு சூழ்ந்தது, அதைச் சுற்றிக் கதைகளும் வளர்ந்தன. கட்டிய தொழிலாளர்களின் பெயர்களோ பொதுமக்கள் அறியும்படி எங்கும் நிலைக்கவில்லை.

தோட்டங்களில் ஏன் இத்தனை பேய்க்கதைகள்?

பால்மரம் வெட்டும் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், பிறகு மரக்காட்டுக்குள் தனியே நடக்க வேண்டும். பாம்பும் காட்டு விலங்கும் உள்ள இடத்தில் துணையாக இருக்கட்டும் என்றுதான் தோட்ட எல்லைகளில் முனீஸ்வரருக்கும் மதுரை வீரனுக்கும் சிறு கோவில்கள் எழுந்தன. பிள்ளைகளை ஆற்றுப் பக்கமும் கிணற்றுப் பக்கமும் போகாமல் தடுக்கவும் பேய்க்கதைகள் உதவின.

பாழடைந்த துரை பங்களாக்களுக்கும் வரலாறு உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. லயங்கள் காலியானதற்குக் காரணம் பேய் அல்ல.

பாப்பானில் ஒரு வீடு

பத்து காஜாவை அடுத்துள்ள பாப்பான், ஈயத்தால் செழித்துப் பின்னர் வெறிச்சோடிய சிற்றூர். அங்கே பிரதான வீதி 74ஆம் எண் கடைவீட்டில்தான் ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். இவர் இலங்கைத் தமிழ் வம்சாவளி மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவின் மனைவி. ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ரகசியமாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் கைதாகிக் கடும் சித்திரவதைக்கு ஆளானார்; பத்து காஜா சிறையிலும் அடைக்கப்பட்டார். போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. அந்தக் காயங்களின் பாதிப்பிலிருந்து மீளாமலே 1948 ஜூனில் காலமானார். அந்த வீட்டின் கதைக்குப் பேய் தேவையில்லை.

கருவிகள் காட்டுவது என்ன?

பேய் தேடுவோர் கொண்டு செல்லும் மின்காந்த அளவுமானி, அருகிலுள்ள மின்கம்பிக்கும் கைப்பேசிக்கும்கூடத் துடிக்கும். படங்களில் தெரியும் ஒளி உருண்டைகள் பெரும்பாலும் கேமரா ஃபிளாஷ் பட்டு மின்னும் தூசும் நீர்த்துளியுமே. ஜன்னல் கதவில்லாத கட்டடத்தில் காற்றும் வௌவாலும் ஒலி எழுப்பத்தான் செய்யும். இருட்டில் நிழலுக்கு முகம் கொடுப்பது மனித மூளையின் இயல்பு.

போவதற்கு முன்

அனுமதியின்றி அடுத்தவர் இடத்தில் நுழைவது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்கு உரியதாகலாம். இடிந்த மாடி, மூடாத கிணறு, பழைய ஈயக்குட்டை ஆகியவை இரவில் உயிருக்கே ஆபத்து. தோட்டக் கோவிலிலும் இடுகாட்டிலும் காலணியோடு ஏறிக் காணொளி எடுப்பது, அங்கே முன்னோரைப் புதைத்த குடும்பங்களின் மனத்தைப் புண்படுத்தும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா, பாட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கோவில் எங்கே இருந்தது, இடுகாட்டில் கிடப்பவர்கள் யார் என்று அவர்களிடம் கேட்டு, அதே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். கெல்லி ஸ்மித்தின் பெயரை அவர் மாளிகை காப்பாற்றிக்கொள்ளும். அதைக் கட்டியவர்களின் பெயர்களையும் மற்றத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பெயர்களையும் காப்பாற்ற அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.