காற்றில் ஓடும் கம்பி – 7: ஆமத்தூருக்கு எந்தப் பட்டை?

வைஃபை பெட்டி வாங்கப் போனால் 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்ற பேச்சு வரும். ஐந்துதான் வேகம் என்பார் கடைக்காரர். விலையும் அதற்குத்தான் கூடுதல். எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்பது அபூர்வம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கட்சி. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கரிசல் சமவெளி, ஓரங்களில் சீமைக் கருவேலம், நடுநடுவே பயர் ஆபீஸ்கள் என்று இங்கே சொல்லப்படும் பட்டாசுத் தொழிற்சாலைகள். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதால், அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்கின்றன வெடிபொருள் விதிகள். அலுவலகம், கிட்டங்கி, காவலாளி இருக்கும் வாசல் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். இடைவெளியே சட்டமாக இருக்கும் இந்த வெளிக்கும், வீடும் அச்சகமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சிவகாசித் தெருவுக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்?

இந்த இரண்டு அதிர்வெண் பட்டைகளின் குணத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2.4-இன் அலைநீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5-இல் அதில் பாதிக்கும் குறைவு. வீட்டுப் பெட்டியில் இருப்பது போன்ற சாதாரண ஆன்டெனாவை வைத்துக்கொண்டால், அதே தூரத்தில் 5-இல் வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. சுவரும் இலை தழையும் அதை இன்னும் கூடுதலாக விழுங்கும். ஆனால் 2.4 பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுக்கு மேல் கிடையாது. 2005-இல் இந்திய அரசு உரிமம் இல்லாமலே இதைப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் மாதிரி யாரும் வரலாம், யாரும் யாரையும் விரட்ட முடியாது. நெரிசல் மிகுந்த சிவகாசியில் இது பெரிய குறை. நான்கு பக்கமும் காடாகக் கிடக்கும் தொழிற்சாலை வளாகத்தில் மோத வருவதற்கு ஆளே இல்லை. அங்கே வளாகத்துக்குள் பரவ 2.4 போதும். பழைய தொழில்நுட்பம் ஆயிற்றே என்று தயங்குவோர், பட்டையையும் தரநிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டை என்பது எந்த அதிர்வெண். தரநிலை என்பது அதில் எப்படிப் பேசுவது என்ற ஒப்பந்தம். வைஃபை 5 தரநிலை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அதற்குப் பின் வந்த வைஃபை 6, 2.4-இலும் இயங்கும்.

அப்படியானால் தூரத்துக்கு எப்போதும் 2.4 தானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைப் போடி, சின்னமனூர் போன்ற ஊர்களின் பார்வை மையங்களோடு, கடையில் கிடைக்கும் வைஃபை அட்டைகளைக் கொண்டே இணைத்தார்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து, தேனியிலுள்ள மருத்துவரோடு காணொளியில் பேசினார். முட்டுக்கட்டையாக நின்றது அதிர்வெண் அல்ல, தரநிலை. சாதாரண வைஃபை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பியதும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு சில நூறு மீட்டரை மனத்தில் வைத்து அளந்தது. பல கிலோமீட்டர் தாண்டி பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடியும் அனுப்பிவிடும். எனவே ஆய்வாளர்கள், இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி விதியையே மாற்றி எழுதினார்கள். திசைநோக்கிய ஆன்டெனாக்களும், நடுவில் மறைப்பு இல்லாத நேர்ப்பார்வையும் மிச்ச வேலையைச் செய்தன. இதே வழியில்தான் வெனிசுவேலாவில் 2007-இல் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் வைஃபை போனது. இன்னொன்று: ஒரே அளவுத் தட்டு ஆன்டெனா 5-இல் கற்றையை இன்னும் கூர்மையாகக் குவிக்கும், முன்பு சொன்ன இழப்பு அதில் ஈடாகிவிடும். ஆகவே ஊருக்குள் இருக்கும் இணைய இணைப்பை மொட்டை மாடியிலிருந்து பயர் ஆபீஸின் கூரைக்குக் கடத்த, நேர்ப்பார்வை கிடைத்தால் 5-தான் சரி.

பட்டாசு மருந்து இருக்கும் இடத்தில் ரேடியோ அலையா என்ற அச்சம் நியாயமானது, ஆனால் குறி தவறியது. வைஃபை பெட்டி வெளிவிடுவது பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கலவையைப் பற்றவைக்கும் சூடு அதில் இல்லை. அலையால் ஆபத்து உள்ள இடம் கல்குவாரி. அங்கே மின் டெட்டனேட்டரின் கம்பியே ஆன்டெனாவாகி மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளக்கூடும். பட்டாசு அறையில் அஞ்ச வேண்டியவை உராய்வும், அடியும், நிலைமின்னும், தீப்பொறியும். பொறி பறக்க ஒரு சுவிட்சோ, சார்ஜரோ, பழுதான பேட்டரியோ போதும். அதனால் மருந்து அறைக்குள் கைபேசி கூடாது என்பது சரியான தடை. அலையைக் காரணம் காட்டாவிட்டாலும் அது நிற்கும். பெட்டியை அலுவலகத்திலும் வாசலிலும் மட்டும் வைத்து, மருந்து அறைகளின் பக்கமே கொண்டுபோகாதிருக்க, தூரம் தாண்டும் இணைப்பு உதவவே செய்யும்.

சட்டமும் இடத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸை உரிமமின்றி வெட்டவெளியில் தாராளமாகப் பயன்படுத்த 2018 அக்டோபரில்தான் வழி பிறந்தது. அதற்கு முன் அந்தச் சலுகை பெரும்பாலும் கட்டடத்துக்கு உள்ளேதான். 2025 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதி, 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் உரிமவிலக்கு தர முன்வந்தது: கட்டடத்துக்குள் குறைந்த திறனில், வெளியே மிகக் குறைந்த திறனில். சிவகாசியின் நெருக்கடியான அச்சகத் தெருவுக்கு அந்தப் புதிய 500 மெகாஹெர்ட்ஸ் நல்ல செய்தி. ஆமத்தூரின் கரிசலைத் தாண்ட அந்தத் திறன் காணாது.