கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்!

மடுல்கெல்லப் பக்கம் அடைமழை பிடித்தால் கம்பியில் மரம் விழுவதும் வீடு இருள்வதும் புதினமல்ல. 2022 மார்ச் 31இல் மரம் விழாமலே நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு. நோன்பு வாசலுக்கு வந்திருந்த நேரம். அன்று உங்கள் பிரிட்ஜில் இருந்த இறைச்சி என்னவாயிற்று?

"உருகிவிட்டதோ?" என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. மூடியே இருந்தால் நிறைந்த பிரீசர் சுமார் 48 மணித்தியாலம் குளிரைத் தாங்கும். பாதி நிறைந்தது 24. பாலும் ஆக்கிய கறியும் இருக்கும் பிரிட்ஜ் பகுதிக்கோ 4 மணித்தியாலம்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியைச் சேர்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? ஒரு கோப்பைத் தண்ணீரை பிரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் குற்றியை வையுங்கள். திரும்பி வரும்போது குற்றி அடியில் கிடந்தால், இறைச்சியும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மணம் மாறாவிட்டாலும் வீசிவிடுங்கள். சில கிருமிகளின் நஞ்சு எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. மனம் வராதுதான், பிள்ளைகளின் வயிற்றை நினையுங்கள்.

கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிடமாவது பொறுத்துப் போடுங்கள். உடனே போட்டால் கம்ப்ரஸருக்குக் கேடு. எர்த் இல்லாத பிளக் வேண்டவே வேண்டாம்.

பிரீசரில் பனி தடித்தால் கத்தியால் கிளறாதீர்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. சுவிட்சை நிறுத்தி, கதவைத் திறந்து, கீழே ஒரு துணியை விரித்துவிடுங்கள். அதுவாக உருகும்.