பின்வாங்க இடமில்லாத தீவு

பசிபிக் பெருங்கடலின் நடுவே 33 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு கிரிபட்டி. பெரும்பாலான இடங்களில் நிலம் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் உயரம். தலைநகரான தெற்குத் தராவாவில் ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் காயல். கடல் ஏறி வந்தால் எங்கே பின்வாங்குவது?

அதனால் குடும்பங்களே சுவர் எழுப்புகின்றன. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பவளக் கற்களைப் பொறுக்கி வந்து அடுக்குகிறார்கள். சிமென்ட் கிடைத்தால் பூசுகிறார்கள். பெரிய ஓதம் அந்தக் கற்களைப் பெயர்த்துப் போட்டால், மறுபடியும் அடுக்க வேண்டியதுதான். வேதனை என்னவென்றால், செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னாலிருக்கும் மணலை வாரிச் செல்கிறது. சுவர் முடியும் இடத்தில் பக்கத்து வீட்டுக் கரையும் அரிபடுகிறது.

தராவாவில் ஆறு கிடையாது. மண்ணுக்கடியில் தேங்கும் மழைநீரே முக்கியக் குடிநீர்; அந்த நீர் எட்டும்வரை குழி தோண்டித்தான் ‘பாபாய்’ என்னும் பெரிய சேம்பைப் பயிரிடுவார்கள். குழிக்குள் கடல்நீர் புகுந்தால், வருடக்கணக்கில் வளர்த்த கிழங்கு பாழ்.

2014இல் அரசு பிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கிப் போட்டது. ஆனாலும் சொந்த மண்ணை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? காயல் கரைகளில் ஊர் மக்களும் இளைஞர்களும் கண்டல் நாற்று நட்டு வருகிறார்கள். 2011இல் அங்கு வந்த ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூனும் அவர்களோடு நட்டார். வேர்கள் அலையின் வேகத்தைத் தணித்து மணலைப் பிடித்துவைக்கும். பக்கத்து வீட்டுக் கரைக்கும் கேடில்லை.