தெருவின்மேல் நீளும் வீடு

ஒருவர் தமது காணியில் வீடு கட்டும்பொழுது எல்லைவரை சுவரெழுப்ப நகரசபைகள் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் குறித்த அளவு வெளி விடுதல் வேண்டும் என்பது விதி. ஆயினும் அவ்வெளிக்குள் இறவாரமும், யன்னலுக்கு மேலுள்ள வெயில் மறைப்பும் சிறிதளவு நீளலாம், அறை நீளலாகாது. சுவருக்கு ஒரு நீதி, இறவாரத்துக்கு ஒரு நீதியா என்று வீடு கட்டுவோர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு இலண்டன் மாநகரின் வரலாறு விடை கூறுகின்றது.

அந்நகரின் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. கீழ்த்தளம் தன் எல்லையிலே நின்றது. மேல்மாடிகளோ ஒன்றைவிட மற்றொன்று முன்தள்ளித் தெருவின்மேற் கவிந்தன. நிலத்தைப் பெருக்க இயலாது. தெருவுக்கு மேலே இடம் பிடித்தால் அறையாவது அகலும் என்று கட்டியோர் எண்ணினர். எதிர்வீட்டாரும் அவ்வாறே செய்தனர். ஒடுங்கிய சந்துகளில் இருபுறத்து வீடுகளும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. வெளிச்சம் குன்றியது, காற்றுத் தடைப்பட்டது. 1661ஆம் ஆண்டில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் இவ்வழக்கத்தைத் தடுத்துப் பிரகடனம் விடுத்தார். அதனைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தவில்லை.

ஐந்தாண்டுகள் சென்றன. 1666 செப்டெம்பர் 2ஆந் திகதி அதிகாலையில், புடிங் ஒழுங்கையிலிருந்த ஒரு வெதுப்பகத்தில் தீ மூண்டது. பலத்த கீழ்க்காற்று வீசியது. தெருவின் அகலமே தீயைத் தடுக்கக்கூடிய இடைவெளி. அதனை மேல்மாடிகள் முன்னரே விழுங்கியிருந்தன. தீ ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு எளிதாகத் தாவிற்று. சுமார் 13,200 வீடுகளும் 87 பங்குக் கோயில்களும் அழிந்தன.

1667இல் இயற்றப்பட்ட சட்டம், புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைதல் வேண்டும் என்றும், மாடிகள் தெருவின்மேல் நீளலாகாது என்றும் விதித்தது. எனினும், பெருந்தெருக்களில் இரும்புக் கம்பியிட்ட 4 அடி அகலப் பல்கனிகளுக்கு அதே சட்டம் இடமளித்தது. சுவரால் அடைக்கப்படாத பல்கனி காற்றை மறிப்பதில்லை. இரும்பு தீயை வளர்ப்பதுமில்லை. பின்னர் 1707ஆம் ஆண்டுச் சட்டம் மரத்தாலான இறவார அலங்காரங்களை விலக்கிற்று. 1709ஆம் ஆண்டுச் சட்டம் யன்னற் சட்டங்களைச் சுவர் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே பொருத்தப் பணித்தது.

இக்காலத்து விதிகளின் உட்பொருளும் இதனோடு ஒத்ததே. இறவாரம் மழைநீரைத் தள்ளிச் சுவரைக் காக்கின்றது. அளவோடு நீளுமாயின் அயலவருக்குரிய காற்றையும் வெளிச்சத்தையும் அதிகம் குறைப்பதில்லை. ஆகவே அதற்குச் சலுகை உண்டு. ஆனால் அனுமதி பெற்றுக் கட்டிய பல்கனியைப் பின்னர் பலகையாலும் கண்ணாடியாலும் அடைத்துவிட்டால் அது அறையாகிவிடுகின்றது. சலுகைக்குரிய காரணமும் அற்றுப்போகின்றது. அடைத்தவருக்குக் கிடைப்பது சில அடி இடம். அயல்வீட்டார் இழப்பதோ தம் யன்னலுக்கு வரும் காற்று. ஆபத்து நேர்ந்தால், தீயணைப்போர் ஏணி சாத்தக்கூடிய வெளி. எல்லையோரத்தில் விடப்படும் அந்தச் சில அடி நிலம் இரு வீட்டாரையும் காக்கின்றது.